ஜன்னலுக்கு உள்பாவாடை

நவம்பர் 8, சனி

இன்று காலை ஹார்மன் தொப்பி போட்டுக்கொண்டு காபி குடிக்க உட்கார்ந்தான்.

"எங்கே கிளம்பிட்டே?" என்றேன்.

"எங்கேயும் இல்லே. சமையலறைக்கு வந்திருக்கேன்."

ஆக, குளிர்காலம் வந்துவிட்டது. வானொலி என்ன சொன்னாலும் சரி, இந்த வீட்டில் என் புருஷனுடைய தொப்பி சொல்வதுதான் வானிலை. ஏரிக்காற்று துறைமுகத்தைத் தாண்டி, கால்வாயைத் தாண்டி, நேராக எங்கள் முன்னறைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜன்னல்கள் மூன்றும் அழ ஆரம்பித்துவிட்டன. அடியில் சுருட்டி வைத்த துண்டுகளைப் பிழிந்தால் ஒரு பூந்தொட்டிக்குத் தண்ணீர் தேறும்.

இருந்தாலும் என்ன கண்ணாடி! நெளிநெளியாக வார்த்த பழைய ஒற்றைக் கண்ணாடி. எதிரே போகிற சைக்கிள்காரன் அதற்குள் நடனமாடிக்கொண்டு போவான். மாற்றுவதா? ட்ரைன் என்கிற நானா? பழைய வீடுகளைக் காக்கிற கால்வாய்க்கரை நண்பர்கள் சங்கத்தின் செயலாளரா?

நவம்பர் 12, புதன்

நாய்களை வெளியே எடுத்தேன். துணி நாய்கள். கால்சட்டைத் துணியில் நீளமாகத் தைத்து மணல் அடைத்துக் கதவடியிலும் ஜன்னலடியிலும் படுக்க வைப்பது. இந்த வருஷம் ஏழு. இருப்பதிலேயே குண்டானதுக்கு என் நாத்தனார் ஹின்கேயின் பெயர். ரொம்ப விசுவாசமான நாய், ஆனால் காற்றைத் தடுக்காது.

மாடி அறையை மூடியாயிற்று. சாப்பாட்டு அறையையும். வசந்தம் வரும்வரை நாங்கள் குடியிருப்பது சமையலறையிலும் முன்னறையின் அரைவாசியிலும். இவ்வளவு பெரிய வீட்டை வாங்கிவிட்டு அதற்குள்ளேயே வாடகைக்கு இருப்பவர்கள் போல.

நவம்பர் 13, வியாழன்

ஹார்மனின் அக்கார்டியன் பெட்டி ஒரு வருஷமாகத் திறக்கப்படவில்லை. விரல் விறைக்கிறது என்கிறான். கையுறை போட்டுக்கொண்டு வாசியேன் என்று சொன்னேன். வேடிக்கையாகத்தான். அவன் சிரிக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

ஹார்மனின் பிறந்தநாள். வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, எல்லோரும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லி, ஆளுக்கு ஒரு துண்டு கேக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் முழங்காலை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் கோட்டைக் கழற்றவில்லை. வாசல் நடையில் கோட்டு மாட்ட எட்டுக் கொக்கிகள் அடித்து வைத்திருக்கிறேன். எட்டும் காலி.

நடு ஜன்னலோரம் ஒரு நாற்காலி உண்டு. அங்கே பிடரியில் ஐஸ் கத்தி வைத்தது போல இருக்கும். யாரை அதில் உட்கார வைப்பது என்பதை வருஷம் முழுக்க யோசித்து முடிவு செய்வேன். இந்த முறையும் ஹின்கேதான். தம்பி பெண்டாட்டி என்றால் கொஞ்சமாவது கடமை இருக்கிறதல்லவா?

அவளும் சும்மா விடவில்லை.

"தம்பி, எங்க லெலிஸ்டாட்ல நான் இருக்கிற கட்டடத்துலயே ஒரு ஃபிளாட் காலியாகுது. மூணு அடுக்குக் கண்ணாடி. ஜனவரில நான் வெறும் கையில்லாத சட்டையோட சுத்துவேன், தெரியுமா?"

"அதுக்குத்தான் யாரும் உன் வீட்டுக்கு வர்றதில்லையோ?" என்றேன்.

வட்டம் முழுக்கச் சிரித்தது. நான் ஹார்மனைப் பார்த்தேன். அவன் கேக்கைப் பார்த்துக்கொண்டு, "யோசிக்கலாம்," என்றான்.

யோசிக்கலாமா? இந்த வீட்டை வாங்கும்போது ஊரே வேண்டாம் என்றது. பதினெட்டு வருஷமாக நான் ஒருத்தி 'ஒரு ஜன்னல் சட்டத்தைக்கூட மாற்ற மாட்டேன்' என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். கொள்கை என்று ஒன்றைத் திறந்துவிட்டால் பிறகு சாத்த முடிவதில்லை. எங்கள் இடது பக்க ஜன்னல் மாதிரியேதான்.

நவம்பர் 21, வெள்ளி

மாலையில் ஹார்மன் நடக்கப் போகிறேன் என்று கிளம்பினான். நல்ல மழை. இரண்டு மணி நேரம் கழித்து வந்தான். ஷூ காய்ந்திருந்தது.

போன வாரமும் இப்படி நடந்தான். அதற்கு முந்தின வாரமும்.

நவம்பர் 22, சனி

சந்தையில் மீன்காரி ஊப்கே ஹெரிங் மீனைச் சுத்தம் செய்துகொண்டே, "உங்க வீட்டுக்காரர் திரும்ப வாசிக்க ஆரம்பிச்சுட்டாரே! பார்க்கவே நல்லா இருக்கு," என்றாள்.

"ஆமாமா," என்றேன். என்னவோ நானே தினமும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது போல. மீன்மேல் தூவித் தருகிற வெங்காயத்தைக் கொஞ்சம் அதிகம் போடச் சொன்னேன், கண்ணில் தண்ணீர் வந்தால் அதன் தலையில் போடலாம் என்று.

எங்கே வாசிக்கிறான்? யாருக்கு?

நவம்பர் 25, செவ்வாய்

அவன் கிளம்பியதும் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலிடம் போனேன். ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி முழுக்க வியர்வை. கைக்குட்டையால் சாஸர் அளவுக்கு ஒரு வட்டம் துடைத்தேன்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, லைஸ்பெத்தின் வீடு. வெள்ளைப் பிளாஸ்டிக் ஜன்னல் போட்ட வீடு. எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பிளாஸ்டிக்கை எதிர்த்து நான் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். அவள் வீடு பாதுகாக்கப்பட்ட வீடுகளில் சேராததால் தோற்றேன். அன்றிலிருந்து எங்களுக்குள் 'வணக்கம்'கூட நுனி நாக்கில்தான்.

இந்தத் தெருவில் யாரும் திரை போடுவதில்லையே. அவளுடைய முன்னறை மேடை மாதிரி வெளிச்சமாக இருந்தது. லைஸ்பெத், புருஷன் போய்ச் சேர்ந்த லைஸ்பெத், அரைக்கைச் சட்டையில்! மேஜையில் பிஸ்கட் டப்பா மூடாமல் கிடந்தது. ஆளுக்கு ஒன்று கொடுத்து டக்கென்று மூடுகிற ஊரில், மூடாத டப்பா! அதற்கு எதிரே என் புருஷன். தொப்பி இல்லை. மடியில், மாடி அறையில் கிடக்கிறது என்று நான் நினைத்திருந்த அக்கார்டியன்.

துருத்தி விரிந்து சுருங்குவது தெரிந்தது. விரல்கள் ஓடுவது தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அந்தப் பாழாய்ப்போன பிளாஸ்டிக் ஒரு ஸ்வரத்தைக்கூட வெளியே விடவில்லை.

தெருவே பார்த்திருக்கிறது. மீன்காரி பார்த்திருக்கிறாள். தெருவிலேயே கடைசியாகப் பார்த்தது நான்தான். ஏன்? என் ஜன்னல் அழுதுகொண்டிருந்தது. எனக்கு முன்னாலேயே அதுக்குத் தெரிஞ்சிருக்கு போல.

நவம்பர் 26, புதன்

கேட்கமாட்டேன். செத்தாலும் கேட்கமாட்டேன். நடந்துட்டு வரட்டும். ஷூ தேயாம நடக்கட்டும்.

நவம்பர் 27, வியாழன்

மூடிய நாடகக் கொட்டகை ஒன்று ஏலம் விட்ட சிவப்பு வெல்வெட் வாங்கி, மூன்று ஜன்னலுக்கும் தரை தொட மாட்டினேன். இழுத்து மூடிவிட்டேன். ஹார்மன் பார்த்துவிட்டு, "எதுக்கு?" என்றான்.

"காத்துக்கு."

"வெளியே பார்க்க முடியாதே."

"அதுக்கும்தான்."

நவம்பர் 29, சனி

பகலில் மூடிய திரைக்கு எங்கள் தெருவில் இரண்டே அர்த்தம். சாவு, இல்லாவிட்டால் மறைக்க வேண்டிய ஏதோ ஒன்று.

நேற்று வாசல்படியில் ஒரு பானை பட்டாணி சூப் இருந்தது. பெயர் இல்லை. இன்று காலை பாதிரியார் வீட்டம்மா கறுப்பு ஓரம் போட்ட அட்டை ஒன்றைத் தபால் துவாரத்தில் போட்டுவிட்டுப் போனாள். 'உங்கள் துயரத்தில் நாங்களும்.' ஹார்மன் அதைப் படித்துவிட்டு, "செத்தது யாரு, நானா நீயா?" என்றான்.

சூப் நன்றாக இருந்தது. சாவுக்கு வந்த சூப் என்பதால் உப்பு கொஞ்சம் தூக்கல்.

டிசம்பர் 2, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வட்டாரப் போலீஸ்காரர் ரெம்கோ வந்தார். வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஒரு சின்ன விசாரணை, மேடம். தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கறதா இல்லையான்னு கேட்டதுக்கப்புறம் சொல்றேன்."

"தெருவில சிலர் கவலைப்படறாங்க. ராப்பகலா திரை மூடியிருக்கு. கண்ணாடியில எப்பவும் ஆவி. உள்ளேருந்து மெஷின் ஓடற சத்தம். இதெல்லாம் சேர்ந்தா எங்க கணக்கில என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்..."

தெரிந்தது. நான்! ஐம்பத்து மூன்று வயதில், முட்டிவலிக் களிம்பு வாசத்தோடு, முன்னறையில் கஞ்சாத் தோட்டம் போட்டிருக்கிறேனாம்! எவ்வளவு நாளாயிற்று யாராவது என்னைப் பற்றி இவ்வளவு சுவாரஸ்யமாக நினைத்து!

"வாங்க, வாங்க," என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துப் போனேன். ஈரம் உறிஞ்சும் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. ஏழு நாய்களையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்தேன். மூடிய அறைகளைத் திறந்து காட்டினேன். சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு கறுப்புப் பூஞ்சை படர்ந்திருந்தது. "எங்க தோட்டம் இதுதான்," என்றேன்.

ரெம்கோ கையைத் தேய்த்துக்கொண்டார். மூக்கு சிவந்துவிட்டது.

"மேடம், கஞ்சாச் செடி ரொம்ப நாசூக்கான செடி. இந்த வீட்டில பிழைக்காது."

"நாங்க பிழைக்கிறோமே?"

அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்த ஹார்மனின் தொப்பியைத்தான் பார்த்தார்.

டிசம்பர் 5, வெள்ளி

வருஷாந்திரப் பரிசுப் பண்டிகையின் மாலைப்பொழுது. ஹின்கே வந்திருந்தாள். வழக்கப்படி ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு கேலிப் பாட்டு. எழுதியவர் பெயர் இருக்காது. யாருக்கு வந்ததோ அவரே எழுந்து நின்று உரக்கப் படிக்க வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. வருஷம் முழுக்க வாயில் வராததை எல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை எதுகை மோனையோடு சொல்லிக்கொள்கிற ஜனங்கள் நாங்கள்.

என் பொட்டலத்தில் ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை. கூடவே:

*ஜன்னல் அழுதால் ஓடி வந்து துண்டு வைப்பாள் ட்ரைன்,*
*தன்னவன் விரல் விறைத்துப் போனால் கண்டுகொள்வாளா ட்ரைன்?*
*கண்ணாடிக்குள் நெளியும் கால்வாய், அழகுதான் அது, அழகு!*
*பெட்டிக்குள்ளே அடைந்த பாட்டே, வெளியே போய்ப் பழகு.*

கடைசி வரியில் என் குரல் பிசிறியது. ஹின்கே முதல்முறையாக என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

"நல்ல பாட்டு," என்றேன். "எழுதினவருக்கு அங்கே பிஸ்கட்டும் நிறையக் கிடைக்குதாமே?"

ஹார்மன் தொப்பியைக் கழற்றினான். வீட்டுக்குள் அவன் தொப்பியைக் கழற்றினால் விஷயம் பெரிது.

"உனக்குத் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும்."

"கேட்டிருக்கலாமே, ட்ரைன்."

"சொல்லியிருக்கலாமே, ஹார்மன்."

"எத்தனை தடவை சொன்னேன் குளிருதுன்னு? நீ ஒவ்வொரு தடவையும் ஜோக் சொல்றே. நல்ல ஜோக்தான். ஆனா அதைப் போர்த்திக்க முடியலையே."

பிறகு சொன்னான். ஜனவரியில் லெலிஸ்டாட் போய் அந்த ஃபிளாட்டைப் பார்க்கப் போகிறானாம். "நீ வந்தா சந்தோஷம். வரலேன்னா நான் மட்டும் போறேன்."

பார்க்க மட்டுமா, இருக்கவா? அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு!

டிசம்பர் 6, சனி

காலுறை கதகதப்பாகத்தான் இருக்கிறது, சனியன்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஹார்மன் நூலகம் போயிருந்த பகல் நேரமாகப் பார்த்து, பாலத்தைக் கடந்து லைஸ்பெத்தின் மணியை அடித்தேன். ஒரு பெரிய சண்டையை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். கதவு திறந்ததும் வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எப்படிச் சண்டை போடுவது?

"உள்ளே வாங்க," என்றாள். "எட்டு வருஷமா எதிர்பார்க்கிறேன். கையெழுத்து எங்கே போடணும்?"

"என் புருஷன் இங்கே என்ன பண்றார்?"

"வாசிக்கிறார். தப்பும் தவறுமா. நான் சட்டைகளுக்கு இஸ்திரி போடறேன். வேறேதாவது நடந்தா உங்களுக்குத்தான் முதல்ல தெரியுமே, எதிர்லதானே இருக்கீங்க?"

"என் ஜன்னல்ல எதுவும் தெரியறதில்லே!"

அதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். இரண்டு பேரும் அடக்கிக்கொண்டோம்.

"உட்காருங்க. அது அவரோட நாற்காலி."

உட்கார்ந்தேன். நாற்காலி அறையைப் பார்த்துப் போடப்படவில்லை. ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது. நேர் எதிரே என் வீடு.

பதினெட்டு வருஷமாக அந்த வீட்டுக்குள் இருந்திருக்கிறேன். இப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அந்தப் பழைய கண்ணாடிகளில் டிசம்பர் வெளிச்சம் விழுந்து, தண்ணீர் மாதிரி ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக அலைந்தது. வானம் ஒன்றில், பாலம் ஒன்றில், படகின் பாய்மரம் மூன்று துண்டாக மூன்றில். அப்புறம்தான் உறைத்தது.

இந்த அழகெல்லாம் வெளிப்பக்கம்! நான் உள்ளே துண்டு பிழிகிறேன், நாய் தைக்கிறேன், அறை அறையாக மூடுகிறேன், புருஷனைத் தொலைக்கிறேன். எல்லாம் லைஸ்பெத் இஸ்திரி போடும்போது பார்த்து ரசிக்க!

"மாத்திடாதீங்க, ஆமா," என்றாள் அவள். "எனக்கு இந்தத் தெருவில பிடிச்சதே உங்க ஜன்னல்தான். கொஞ்ச நாளா வெறும் சிவப்புத் துணியைப் பார்த்துக்கிட்டிருக்கேன். கசாப்புக்கடை மாதிரி இருக்கு."

"உங்களுக்கென்ன, நல்லாச் சொல்வீங்க."

"அவரும் அதேதான் சொல்றார்." டப்பாவை என் பக்கம் தள்ளினாள். மூடவில்லை. "பாட்டு முடிஞ்சதும் உங்க வீட்டுப் பக்கமே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள், 'அந்த வெளிச்சத்தில அவ துண்டு பிழியறா பாருங்க'ன்னார். எனக்கு ஒண்ணும் தெரியலே, ஆவிதான் தெரிஞ்சுது. அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

நான்கு பிஸ்கட் சாப்பிட்டேன்.

டிசம்பர் 10, புதன்

திரையைக் கழற்றி எடுத்துவிட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

உட்பக்கமாக இன்னொரு கண்ணாடி போடலாம். பழைய ஜன்னலைத் தொடவே வேண்டாம்; அதற்குப் பின்னால், அறைப் பக்கம், தனிச் சட்டத்தில் கெட்டிக் கண்ணாடி. தெருவிலிருந்து ஒன்றும் தெரியாது. இது எனக்கு எப்போதோ தெரியும். ஏன் செய்யவில்லை? சங்கக் கூட்டத்தில் எவனோ அந்த யோசனையைச் சொன்னபோது நான் எழுந்து, "ஜன்னலுக்கு உள்பாவாடை கட்டச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. அந்தக் கைத்தட்டலைத்தான் இத்தனை வருஷமாக விறைக்க விறைக்கக் காப்பாற்றி வந்திருக்கிறேன்.

போகட்டும். உள்பாவாடை கட்டினால் கட்டினதுதான். யார் தூக்கிப் பார்க்கப் போகிறார்கள்?

ஹார்மனிடம் சொன்னேன். "ஃபிளாட்டைப் பார்க்கப் போகலாம். நானும் வர்றேன். ஆனா முடிவை மார்ச்ல சொல்லு. அதுக்குள்ளே நான் இந்த வீட்டைச் சூடாக்கிக் காட்டறேன்."

"எப்படி?"

"ஜோக் சொல்லாமே."

ஜனவரி 8, வியாழன்

தச்சர் நன்னிங் வந்தார். இடது ஜன்னலின் அடிக்கட்டையை விரலால் குத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. கேக்கில் போகிற மாதிரி.

"அம்மா, இதுல மரமே இல்லையே! பெயின்ட்டும் உங்க பிடிவாதமும்தான் நிக்குது."

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நானே ஏணி போட்டு அடித்த பச்சைப் பெயின்ட். உள்ளே மக்கியதை வெளியே பளபளப்பாக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். கட்டையையும் மாற்ற வேண்டும். நார்வே பயணத்துக்கு என்று ஒதுக்கியது எல்லாம் இதற்கே போகும். பனிமலை பார்க்க அவ்வளவு தூரம் போவானேன்? இத்தனை வருஷம் அதற்குள்தானே இருந்தோம்.

ஜனவரி 17, சனி

லெலிஸ்டாட். ஃபிளாட் சூடாகத்தான் இருந்தது. ஹின்கே கையில்லாத சட்டையில் வாசலிலேயே நின்றாள். சொன்ன சொல் தவறாதவள். நான் ஒரு குறை சொல்லவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டே இருந்தேன், இப்போதும் வலிக்கிறது.

ஹார்மன் ஜன்னலிடம் போய் ரொம்ப நேரம் நின்றான்.

"எதிர்ல என்ன இருக்கு அக்கா?"

"கார் நிறுத்தற இடம். ராத்திரியெல்லாம் விளக்கு எரியும், பாதுகாப்பு!"

"ஓ," என்றான்.

அந்த 'ஓ'வை ரயிலில் வீடுவரை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பிப்ரவரி 11, புதன்

சங்கக் கூட்டம். செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. தலைவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "செயலாளரம்மா, உங்க ஜன்னலுக்கு என்னமோ புதுசா உடுத்தியிருக்கீங்களாமே?" என்றார்.

எழுந்து நின்றேன்.

"ஆமா, உள்பாவாடைதான். பழசுக்கு மானமும் வேணும், சூடும் வேணும். பார்க்கணும்னு ஆசைப்படறவங்க வீட்டுக்கு வந்து பார்க்கலாம். ஆனா குளிர்ல விறைச்சுக்கிட்டு அழகைக் காப்பாத்தணும்னு இனிமே யாராவது என்கிட்ட சொன்னா, ஒரு ராத்திரி ஹின்கேயோட படுக்க வைப்பேன்."

நாயைத்தான் சொன்னேன் என்று விளக்குவதற்குள் சிரிப்பில் கூட்டம் கலைந்துவிட்டது.

பிப்ரவரி 19, வியாழன்

சாப்பாட்டு அறையைத் திறந்தோம். ஹார்மன் தொப்பி இல்லாமல் காபி குடித்தான். நான் பார்த்ததை அவன் பார்த்தான்.

அக்கார்டியன் மட்டும் இன்னும் அந்தக் கரையில்தான் இருக்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

மதியம் ஹார்மன் பாலத்தைக் கடந்து போனான். ஜன்னலில் ஆவி இல்லை. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. போய்த் திரும்பி வந்தான், பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு. வந்தவன் முன்னறை நடுவில் உட்கார்ந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

தப்பும் தவறுமாகத்தான் வாசித்தான். நான் முழுக்கக் கேட்டேன்.

பாட்டு பாதியில் எதிர்க்கரையில் லைஸ்பெத் தன் பிளாஸ்டிக் ஜன்னலைத் திறந்து, காதில் கை வைத்து, ஒன்றும் கேட்கவில்லை என்று ஜாடை காட்டினாள். ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கையால் தள்ளிக் காட்டினாள். நான் தலையாட்டினேன், மாட்டேன் என்று. பார்ப்பதற்கு இத்தனை வருஷம் இலவசம். கேட்பதற்காவது வாசலுக்கு வரட்டும்.

வந்தாள். பிஸ்கட் டப்பாவோடு. நடு ஜன்னலோர நாற்காலியைக் காட்டினேன். அதன் கதை தெரிந்தவள் போல என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் கழுத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ட்ரைன், ஜன்னலைக் கொஞ்சம் திறயேன். புழுங்குது."

அக்கார்டியன் நின்றது. ஹார்மன் என்னைப் பார்த்தான். இந்த வீட்டில் இப்படி ஒரு வாக்கியத்தை இதுவரை எவரும் சொன்னதில்லை.

"திறக்க மாட்டேன்," என்றேன். "பதினெட்டு வருஷமா தெருவுக்குச் சூடு கொடுத்தாச்சு. நீ கோட்டைக் கழட்டு."

இதை எழுதும்போது வாசல் நடை தெரிகிறது. முதல் கொக்கியில் அவளுடைய நீலக் கோட்டு. இரண்டாவதில் ஹார்மனின் தொப்பி.